வாப்பாவின் பங்கு

உம்மா,

“ஊட்டுல எத்தின பேருக்குச் சோறாக்குறீங்க தங்கச்சி?” என்று அன்று கிளினிக்கில் நர்ஸ் மிஸ் என்னிடம் கேட்டார். “மூணு பேருக்கு” என்று சொல்லிவிட்டேன். வாப்பா மௌத்தாகி, நாம் இரண்டு பேராகி எட்டு மாதம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவருடைய பங்கையும் நாம் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டில் போட்டு, வீணாக்கக் கூடாதென்று நீங்களே சாப்பிடுகிறீர்கள். இரத்தத்தில் சீனி ஏறியதும் இரண்டு நாள் பட்டினி கிடக்கிறீர்கள். பட்டினி தேவையில்லையாம். அளவாகப் போட்டு, ஆறுதலாக மென்று, போதும் என்றதும் கையைக் கழுவ வேண்டுமாம். இல்லாவிட்டால் காலை வெட்டி எடுக்க வேண்டி வரும் என்றார் மிஸ்.

சின்னப் பீங்கானில் சோறும் மீன் ஆணமும் மூடி வைத்திருக்கிறேன். அவ்வளவுதான் உங்கள் பங்கு. நான் தையலுக்குப் போகிறேன். வீட்டுப் பூட்டின் திறப்பு ஜன்னலில் இருக்கிறது.

“அவர்ர பங்க நிப்பாட்டினா மனிசன் இஞ்ச வருவாராடி?” என்று நேற்று அழுதீர்கள். “மௌத்தானவங்க திங்க வாறல்ல” என்று நான் கத்தியது பிழை.

ஆதிலா

இதையும் சொல்லவேண்டும். நேற்று இரண்டு பங்கு மட்டும் போட்டபோது நானும் அவரைக் கண்டேன், உம்மா. பாயில் வழமையான பக்கம்தான் இருந்தார். சோறில்லாத இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழும்பிப் போனார்.