சமஸ்தானத்துக் காகிதம்

நவ. 14, வெள்ளி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஞாயிறு வாணியம்பாடியிலிருந்து மகள் நஸீமாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். வாங்க வேண்டியது: சீரகச் சம்பா, கறி, புதினா, கத்திரிக்காய்.

கூடத்துச் சட்டத்தைத் துடைக்க இறக்கினேன். கண்ணாடிக்குள் பூஞ்சை. காகிதத்தை வெளியே எடுத்தேன். இவர் வீட்டில் எந்த நல்ல காரியமும் இதை முத்தமிட்டுத்தான் தொடங்கும். ஆந்திரப் பக்கத்துச் சின்ன சமஸ்தானத்து நவாப், இவருடைய பூட்டனாருக்கு ஒரு கிராமமே எழுதிக் கொடுத்த பட்டயமாம். வீட்டில் எல்லோரும் உருது பேசுவார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை.

குர்ஆன் எழுத்தை வைத்து நானாகக் கூட்டிக் கூட்டிக் கற்றதுதான் என் உருது. கிறுக்கல் கையெழுத்து. சாயங்கால அஸர் தொழுகைக்குள் நான்கு வரி பிடிபட்டது. கிராமம் இல்லை. "மஷ்க்" என்று இருக்கிறது. தண்ணீர் சுமக்கும் ஆட்டுத்தோல் பை.

15, சனி

மழை விட்டது. மூன்று தடவை படித்தேன். சந்தேகமில்லை. பூட்டனார் அரண்மனைக்குத் தண்ணீர் சுமந்தவர். அதில் என்ன குறை? ஆனால் வா.பாடிக்காரர்கள் கேட்டு வருவது நவாப் வம்சத்துப் பெண்ணை. தரகர் அப்படிச் சொல்லித்தான் கூட்டி வருகிறார்.

இவரிடம் சொன்னேன். சாப்பாட்டில் பாதியில் கையை உதறினார். "உன்ன யாரு படிக்கச் சொன்னா? நாளைக்கு வாயத் தொறக்காதே. அது பாட்டுக்குச் செவுத்துல இருக்கட்டும்."

சட்டத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன். இரவு இஷா தொழுகையில் ரக்அத் எண்ணிக்கை தப்பியது. எனக்கு எண்ணிக்கை தப்பியதே இல்லை. பொய் சொன்னது நானில்லை. மாட்டிய கை என் கை.

16, ஞாயிறு

நல்ல வெயில். ஒன்பது பேர். பிரியாணியில் உப்பு கம்மி, யாரும் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பா, தோல் வியாபாரி, நேரே சட்டத்தின் முன் போய் நின்றார். அவருக்கும் எழுத்து பிடிபடவில்லை. படிக்கத் தெரிந்தவர் உண்டா என்று கேட்டார். இவர் அவசரமாக இல்லை என்றார்.

உள்ளிருந்து நஸீமா, "அம்மி படிப்பாங்க."

பெருமையாகத்தான் சொன்னாள். அவளிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படித்தேன். அரண்மனைத் தண்ணீர்க்காரனுக்கு வருஷத்துக்கு இரண்டு தோல் பை. பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது. ஒரு சொல் விடவில்லை. இவர் தரையைப் பார்த்தார். வந்த பெண்களில் ஒருத்தி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

பெரியப்பா மட்டும் சோபாவில் உட்கார்ந்தார்.

"ஆட்டுத்தோல்தானே? எங்க தாத்தா சுண்ணாம்புத் தொட்டியில எறங்கி அத ஊறவெச்சவரு. தண்ணி கொண்டாம்மா."

நஸீமா கொண்டுவந்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லி மூன்று மூச்சில் குடித்தார். தம்ளரை அவளிடமே நீட்டினார்.

"இன்னொண்ணு."