நெட்டைக்கு அலுத்துவிட்டது

மார்ச் 3

எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தேன். நூலில் தொங்கும் காகிதப் பெண்கள் இருவரும் காற்றில் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நெட்டை, உருண்டை. எங்கள் சிறுவர் கதைகளின் நாயகிகள். ஆறு புத்தகங்களாக அதே ஆறாம் வகுப்பு. ஒருத்தி மழையில் நனைந்தால் மற்றவள் இஸ்திரி போட்டு நிமிர்த்துவாள்.

மதியம் தோழி வந்தாள். பள்ளி நாளில் என் பக்கத்து இருக்கைக்காரி. வரைவதும் வெட்டுவதும் அவள், எழுதுவது நான். வழக்கம்போல அவள் கையில் நெட்டை, என் கையில் உருண்டை. வாய்க்கு வந்ததைப் பேசுவோம். சிரிப்பு வந்தால் அது புத்தகத்துக்குப் போகும்.

"அடியே உருண்டை, எனக்கு அலுத்துப்போச்சுடி. எத்தனை வருஷம் ஆறாம் கிளாஸ்லயே உக்காந்திருக்கிறது?"

"ஃபெயிலானா அப்படித்தான்டி!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். அப்படியே எழுதிக்கொண்டேன். ஏழாம் புத்தகத்துக்கு நல்ல தொடக்கம்.

மார்ச் 4

அவளுடைய கத்தரிக்கோலைக் காணோம். எடுத்துப் போய்விட்டாள் போல. எப்போதும் இங்கேதானே கிடக்கும்?

மார்ச் 6

கனவில் நெட்டை நூலை அவிழ்த்துக்கொண்டு, தரையில் விழுந்த வெயிலின் மேல் வாசல்வரை நடந்து போனாள். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9

முதல் அத்தியாயத்தை மகளுக்குப் படித்துக் காட்டினேன். பதினொரு வயது, கறாரான பேர்வழி. சிரிக்கவில்லை.

"அம்மா, நெட்டை நெஜமாத்தான் சொல்றா. இந்த உருண்டை ஏன் லூசு மாதிரி சிரிக்கிறா?"

"அது ஜோக்குடி."

"அவளுக்கு ஜோக் இல்லையே."

கத்தரிக்கோல் — அட மண்டு, அலுத்தது நெட்டைக்கு இல்ல, அவளைக் கையில பிடிச்சிருந்தவளுக்குன்னு உனக்கு எப்படிடி புரியாம போச்சு? அவதான் நேரா சொல்லித் தொலைக்கக் கூடாதா?

எப்படிச் சொல்வாள். சண்டை, சமாதானம், அவள் அப்பா போன துக்கம்கூட, எல்லாமே பொம்மையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டுதான் பேசியிருக்கிறோம். பொம்மை போனால் எங்களுக்குள் என்ன மிச்சம்?

மார்ச் 10

பதிப்பாளர் போன் செய்தார். "மேடம், படம் போட அவங்களுக்கு நேரமில்லன்னா வேற ஆளப் பாத்துக்கலாம். பசங்களுக்கு வித்தியாசமா தெரியப்போகுது?"

"சொல்றேன் சார்."

மார்ச் 12

ஜன்னலில் இப்போது வெறும் நூல், காற்றோடு ஏதோ பேசிக்கொண்டிருக்கிறது. இருவரையும் ஒரே உறையில் படுக்க வைத்தேன். பாஸ் போட்டாகிவிட்டது, இனி எந்த வகுப்பும் வேண்டாம். ஏழாம் புத்தகம் இல்லை.

பதிப்பாளருக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. நாளை தோழி வீட்டுக்குப் போகிறேன், வெறுங்கையோடு. ஆறு புத்தகத்துக்கு வசனம் எழுதியவளுக்கு, அவள் கதவைத் திறந்ததும் என்ன பேசுவதென்று தெரியவில்லை.