டப்பாவின் பின்பக்கம் படித்தவளுக்கு

நேற்று உத்திரமேரூர் பஜாரில், பஸ் ஸ்டாண்டு ஓரத்து மருந்துக் கடையில் நின்றிருந்தேன். பனிக்காலம் தொடங்கிவிட்டதால் கண்ணாடி அலமாரி முழுக்கப் புதிய கிரீம்கள் வந்து இறங்கியிருந்தன. ஒன்றின் மேல் தண்ணீர்த் துளி, ஒன்றின் மேல் கற்றாழை, இன்னொன்றில் ஏதோ பனிமலை. கடைக்காரர் நீல நிறக் குப்பி ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். என் கை தானாக அதைத் திருப்பிவிட்டது. பின்பக்கத்துப் பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க ஆரம்பித்தேன்.

"இன்னாக்கா, எல்லாரும் முன்னாடி பாத்து வாங்கிக்கினு போறாங்கோ. நீ பின்னாடியே பாத்துக்கினு கீறியே" என்றார்.

என் கூட்டாளி ஒருத்தி பழக்கிவிட்டுப் போன பழக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனேன். தண்ணீருக்கு அடுத்ததாகக் கிளிசரின் எழுதியிருந்தது. உனக்குப் பிடித்திருக்கும்.

உன்னை நான் முதலில் பார்த்ததும் அப்படித்தான். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்க, நீ மட்டும் ஜன்னலோரம் ஒரு கிரீம் டியூபைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாய். பக்கத்து இடம் காலியாக இருந்ததால் உட்கார்ந்தேன். பாலாற்றுப் பாலம் வருவதற்குள் உன் கதை முழுக்கத் தெரிந்துவிட்டது. பிறந்த ஊர் தென்னேரி. காஞ்சிபுரத்தில் கெமிஸ்ட்ரி படித்தவள். கல்யாணமாகி எங்கள் பக்கம் வந்து, எங்களைப் போலவே கார் பாகக் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தவள்.

"இதுல கீற பேருல பாதி நான் பரீட்சைக்குப் படிச்சதுடி. இப்பதான் அதுக்கெல்லாம் ஒரு வேல வந்து கீது" என்று சொல்லி டியூபை என் மடியில் போட்டாய். பார்த்த முதல் நாளே 'டீ' போட்டுப் பேசினாய். எனக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் வேலையோ கையைத் தின்கிற வேலை. கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் அதில் ஒரு தூசி, ஒரு விரல் ரேகைகூட இருக்கக் கூடாது. துணியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்துக்கொண்டே இருப்போம். கையுறை போட்டிருந்தாலும் ஸ்பிரிட் எப்படியோ உள்ளே போய்விடும். உறையைக் கழற்றினால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மேலே ஏசி வேறு. பனிக்காலம் வந்தால் எல்லாருடைய விரல் கணுவும் வெடித்துக்கொள்ளும். கிரீம் எதுவும் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று வாசலிலேயே பலகை மாட்டியிருந்தார்கள். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

வீட்டில் போட்டுக்கொள்வதற்காவது நல்லதாகத் தேடித் தருவேன் என்று நீதான் இறங்கினாய். பஸ்ஸில் யார் எந்த டப்பா வாங்கினாலும் உன்னிடம் வந்துவிடும். "தோலுல தண்ணி தங்கணும்னா மூணு வேல நடக்கணும். தண்ணியப் புடிச்சி இழுத்து வெக்க ஒண்ணு, அது கிளிசரின். சொரசொரப்ப ரொப்பி நைசாக்க ஒண்ணு, அது எண்ணெ, கொழுப்பு. புடிச்ச தண்ணி போவாம மேல மூட ஒண்ணு, அது பெட்ரோலியம் ஜெல்லி. இந்த டப்பாவுல எது எது கீதுன்னு பாரு" என்பாய். பின்பக்கப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும், போகப் போகக் குறையும், கடைசியில் வருபவை எல்லாம் துளித் துளிதான் என்றும் சொல்லிக்கொடுத்தாய். கற்றாழைப் படம் போட்ட டப்பாவைத் திருப்பினால் வாசனைத் திரவியத்துக்கும் பிறகுதான் கற்றாழை இருக்கும். நாங்கள் கோபப்படுவோம். நீ கோபப்பட மாட்டாய். "எழுதித்தான வெச்சிக்கீறான், நாமதான் திருப்பல" என்று முடித்துவிடுவாய்.

ஒருமுறை ஒரு பெண் ஹயலூரானிக் ஆசிட் போட்ட சீரம் வாங்கிவந்தாள். ஆசிட் என்று படித்ததும் பயந்து, திறக்காமலே வைத்திருந்தாள். "பேருதான் ஆசிட். இதுவும் கிளிசரின் மாதிரி தண்ணியப் புடிக்கறதுதான், ஆனா பிசுபிசுன்னு ஒட்டாது" என்று சொல்லி, உன் ஒரு கையில் அதை மட்டும் பூசிக்கொண்டாய். மற்ற கையில் அதைப் பூசி, மேலே ஜெல்லியும் தடவினாய். மறுநாள் பஸ்ஸில் இரண்டு கைகளையும் நீட்டினாய். நாங்கள் வரிசையாகத் தொட்டுப் பார்த்தோம். மேலே மூடிய கை மெத்தென்று இருந்தது. மற்றது காய்ந்திருந்தது. ஏசி அறையில் மூடி போடாவிட்டால் பிடித்த தண்ணீர் பறந்துபோகும் என்று நீ சொன்னதை எங்கள் விரல்களே தெரிந்துகொண்டன.

அந்தப் பனிக்காலத்தில்தான் மகேஸ்வரி விஷயம் நடந்தது. ஏரிக்கரை ஓரத்துக் குடியிருப்பிலிருந்து வருகிறவள். ஒப்பந்தத் தொழிலாளி. அவள் சம்பாதித்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். எங்கள் எல்லாரையும்விட அவள் கைதான் மோசமாக வெடித்திருந்தது. ஒருநாள் பெயிண்ட் காய்ந்து வெளியே வந்த பம்பர்களில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள். மீன் கண் என்று அதற்குப் பெயர். லைனை நிறுத்திவிட்டார்கள். யார் கிரீம் போட்டு வந்தது என்று எல்லாருடைய பையையும் சோதித்தார்கள். மகேஸ்வரி பையில் பாதி தீர்ந்த கிரீம் டியூப் இருந்தது. வலி தாங்காமல் காலையில் பூசிக்கொண்டு வந்திருந்தாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று லைன் லீடர் சொன்னார். அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தபோது நீ அந்த டியூபைக் கேட்டு வாங்கினாய். சாப்பாட்டு நேரத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு தரப் பரிசோதனை அதிகாரி தேவராஜ் சாரிடம் போனாய்.

"பலகையில கிரீம் போடக் கூடாதுன்னு கீது சார். அதுல இன்னா இருந்தா பெயிண்ட் கெடுது?"

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். "சிலிக்கோன்மா. கண்ணுக்குத் தெரியாத அளவு பட்டாக்கூட பெயிண்ட் அந்த இடத்தை விட்டு ஒதுங்கிடும். அதான் பள்ளம்."

நீ டியூபைத் திருப்பி விரலை ஓட்டினாய். "டைமெத்திகோன். இந்தா கீது சார். அப்ப சிலிக்கோன் இல்லாத கிரீமா இருந்தா?"

"எல்லாரோட கிரீமையும் நான் உக்காந்து படிக்க முடியுமா?"

"நான் படிக்கிறேன் சார். நீங்க பெயிண்ட் அடிச்சிப் பாருங்க. கை வெடிச்சி ரத்தம் பட்டாலும் பம்பர் கெட்டுதான போவுது."

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. ஆனால் போ என்றும் சொல்லவில்லை. "எடுத்துட்டு வாம்மா, பாக்கலாம்" என்றார்.

அந்த வார விடுமுறையில் நாம் மகேஸ்வரி வீட்டுக்குப் போனோம். அவள் நாற்று நடப் போயிருந்தாள். சேற்றுத் தண்ணீரில் ஊறிய கையோடு வந்தவளை நீ பக்கத்தில் உட்கார வைத்தாய். கழுவித் துடைத்து, ஈரம் காய்வதற்கு முன்னால் ஜெல்லியைப் பூசி, பழைய பருத்திச் சாக்ஸை உறை மாதிரி மாட்டிவிட்டாய். குதிகாலுக்கு வேறு ஒரு டியூப் கொடுத்து, இதில் யூரியா இருக்கிறது, வெடிப்பில் பட்டால் எரியும், தடித்த தோலுக்கு மட்டும் போடு என்றாய்.

"யூரியாவா? பயிருக்குப் போடறதாச்சே, அத்த ஏன்க்கா காலுக்குப் பூசணும்" என்றாள் அவள்.

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. "நல்லா கேட்ட. பேரு ஒண்ணுதான். இது மருந்துக்குன்னு சுத்தம் பண்ணது, அளவா கலந்தது. நம்ம தோலுலயே அது கொஞ்சம் கீது, அதுதான் தண்ணியப் புடிச்சி வெக்குது. அதுக்காக வூட்டுல கீற மூட்டைய அவுத்துப் பூசிக்காத" என்று பொறுமையாகச் சொன்னாய்.

சோதனைக்கு நீ கொண்டுபோன மூன்று கிரீம்களையும் தேவராஜ் சார் தனித்தனித் தகடுகளில் தடவித் துடைத்து, பெயிண்ட் அடித்து, காய வைக்கும் சூளைக்குள் அனுப்பினார். இரண்டு தகடுகள் கண்ணாடிபோல வந்தன. மூன்றாவது முழுக்க மீன் கண். உன் முகம் வாடியதை அன்றுதான் பார்த்தேன். 'கோன்' என்று முடிகிற பெயர் எதுவும் இல்லாததாகப் பொறுக்கி எடுத்திருந்தாய். அவர் அந்த டப்பாவை வாங்கிப் படித்து, ஒரு நீளமான பெயரில் விரலை வைத்தார். "சைலாக்சேன்னு முடியுது பாரு. இதுவும் அதே குடும்பம்தாம்மா."

நீ குனிந்து பார்த்தாய். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், "மாறுவேசத்துல வந்துகீது சார்" என்றாய். அவரும் சிரித்துவிட்டார். தோற்றுப்போன மாதிரி அல்லாமல், புதிதாக ஒன்றைப் பிடித்துவிட்டவள் மாதிரி நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மேலிடத்தில் அனுமதி வாங்க அவருக்கு நாளானது. பார்க்கும்போதெல்லாம் நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். கடைசியில், சிலிக்கோன் இல்லாததைப் போடலாம் என்று பலகையில் ஒரு வரியைச் சேர்த்தார்கள். கை கழுவும் இடத்தில், சோதனையில் தேறிய கிரீமை வைத்தார்கள். கையுறைக்குள் போட மெல்லிய பருத்தி உறையும் கொடுத்தார்கள். மகேஸ்வரியைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். பஸ்ஸில் ஏறியதும் உன்னிடம் வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். நீ வழக்கம்போல விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "குதிகாலு?" என்றாய்.

பிறகு உனக்கே வந்தது. மார்பில் கட்டி, அறுவை சிகிச்சை, அதன்பின் மாத்திரை. அந்த மாத்திரை உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சிவக்க வைத்து உரித்தது. "இத்தினி பேரு கைய பாத்தேன். இப்ப என் கை வந்து நிக்குது" என்று சொன்னாய். அதிலும் நீ மாறவில்லை. டாக்டர் யூரியா கிரீம் எழுதியதும், எத்தனை சதவீதம், எப்போது பூசுவது, உரிந்த இடத்தில் பூசலாமா என்று கேட்டுக்கொண்டுதான் எழுந்தாய்.

பின்னால் விரல் நுனி மரத்துப்போய், டியூபைப் பிடிக்க முடியாமல் ஆனபோது நான் படித்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். என் ஆங்கிலம் தடுக்கும் இடத்தில் முழுப் பெயரையும் நீயே சொல்லிவிடுவாய்.

"வாசனை சேத்துக்கீறானா?"

"கடசியில கீது."

"வேணாம்டி, எரியும். அடுத்தத படி."

வாசனை இல்லாதது கிடைத்ததும் நான் உன் கைக்குப் பூசினேன். காலுக்குப் பூசுவதை மகேஸ்வரி யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, உன் பாதத்தைத் தன் மடியில் வைத்து, அழுத்தித் தேய்க்காமல் மெதுவாக ஒற்றி ஒற்றிப் பூசுவாள். வலிக்குதா என்று அவள் கேட்டால், இல்லை என்று தலையாட்டுவாய். நோய் நிற்கவில்லை. மழைக்காலத்தில் நீ போனாய். உன்னைத் தென்னேரிக்குக் கொண்டுபோனபோது ஏரி கரை தொட்டுக் கிடந்தது.

அழகு சாமான் வாங்குவதைப் பற்றி நீ எங்களிடம் பேசவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. நம் உடம்பின் மேல் போடுவது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாய்.

போன வாரம் ஸ்பிரிட்டுக்குப் பதிலாக ஏதோ புதுத் திரவம் கொடுத்தார்கள். மூக்கில் ஏறியது. மகேஸ்வரிக்கும் எனக்கும் மணிக்கட்டில் அரிப்பு. தேவராஜ் சார் மாற்றலாகிப் போய்விட்டார், புது அதிகாரியிடம் யாருக்கும் பழக்கமில்லை. பாதுகாப்புக் கூட்டத்தில் அவர் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். வழக்கம்போல எல்லாரும் கிளம்பப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். கூட்டத்தில் பேசுகிற தமிழ் எனக்கு வராது. வீட்டில் பேசுவது போலத்தான் கேட்டேன்.

"புதுசா குடுத்த தண்ணியில இன்னா இன்னா கலந்து கீது சார்?"

அதெல்லாம் பாதுகாப்பானதுதான், உட்காரும்மா என்றார். நாற்காலி பின்னாலேயே இருந்தது. அந்தத் திரவத்தில் உள்ளவற்றின் பெயர்களை எழுதிய தாளை ஆள் விட்டு எடுத்துவரச் சொல்லி, அவர் ஒவ்வொன்றாகப் படித்து முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.