கறிவேப்பிலைச் செடியைச் சுற்றியிருந்த சாரி கார்டு

அஸ்தினாபுரம்
8-11-1992

அன்பு மகன் வில்பிரட்டுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் மூவரும் இங்கே சுகமாக இருக்கிறோம், உன் சுகத்தை நீ எழுதினால்தான் தெரியும், போன மாதம் வந்த அரைப்பக்கத்தில் மஸ்கட் வெயிலைப் பற்றி இருந்ததே தவிர உன்னைப் பற்றி ஒன்றும் இல்லை. இங்கே மழை பிடித்துக்கொண்டது. நம் தெருவில் வழக்கம்போல முழங்கால் தண்ணீர், பால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அப்பாவுக்கு பிரஷர் பரவாயில்லை, ஊறுகாயை என் கண் முன்னால் தொடுவதில்லை. உன் தங்கை ஜோதி கல்யாணம் ஜனவரி கடைசி வாரம் என்று முடிவாகிவிட்டது, மூன்று ஞாயிறு சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க சபை ஐயரிடம் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு அவள் காலைப் பற்றித் தெரியும், பெண் பார்க்க வந்த அன்றே அவளே எழுந்து நடந்து காட்டிவிட்டாள், வண்டியிலிருந்து விழுந்ததில் ஒரு கால் கொஞ்சம் குட்டை என்று காபி கொடுக்கும்போதே சொன்னாள். யார் ஓட்டிய வண்டி என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது என்றும், வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுங்கள் என்றும் நீ எழுதியிருந்தாய். இந்தக் கடிதம் அந்த இரண்டைப் பற்றியும்தான், முதலில் வண்டியைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

நீ போன பிறகு உன் ராஜ்தூத் பைக் வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய்க்கு அடியில்தான் நின்றது. உன் அப்பா அதை ஒவ்வொரு சனிக்கிழமையும் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவித் துடைத்து, மறுபடி மூடி வைத்தார். ஒரு வாரமும் தவறியதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் நேற்று வாங்கிய வண்டி மாதிரி இருக்கும். இடையில் ஒரு நாளாவது ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கலாமே என்று கேட்டதற்கு, வில்பிரட் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத்தான் சொன்னான், ஸ்டார்ட் செய்யச் சொல்லவில்லை என்றார். ஆபீசிலும் மேலிடம் சொல்லாத எதையும் அவர் செய்ததில்லை, அதனால்தான் கௌரவமாக ரிட்டயர் ஆனார். உன் கடிதம் வந்ததும், ஓடுகிற வண்டியைக் காயலான் கடைக்குப் போடுவது பாவம், ஓட வைத்து யாருக்காவது கொடுப்போம் என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைக்க ஆரம்பித்தார். காலையில் உதைத்தார், காபி குடித்துவிட்டு உதைத்தார், ஜெபம் பண்ணிவிட்டும் உதைத்தார். கடைசியில் வண்டி அவரைத் திருப்பி உதைத்தது, கிக்கர் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்து வீங்கிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஜோதி அவர் நடப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுல இப்ப ரெண்டு பேரு நொண்டுறோம், செட்டு சேர்ந்துடுச்சு என்றாள். அப்பா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

பிறகு ராதா நகர் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் கடை வைத்திருக்கும் மெக்கானிக் துளசிங்கத்தை வரவழைத்தோம். அவன் வந்து முதலில் செய்த காரியம், சாவியை அப்பா கையிலிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டதுதான். இத்தினி வருசம் நின்னுகினு கீற வண்டிய சும்மா உதைச்சா இன்னா சார் ஆவும், உள்ள இன்னா கீதுன்னு பாக்க வாணாமா என்று கேட்டான். உள்ளே என்ன இருந்தது என்று நீயும் தெரிந்துகொள். பெட்ரோல் கெட்டுப் பெயின்ட் கடை வாசனை அடித்தது, டாங்கைக் கவிழ்த்தால் டிகாக்ஷன் மாதிரி துருத்தண்ணீர் வந்தது. உன் அப்பா சனிக்கிழமை தோறும் ஊற்றிய தண்ணீரில் கொஞ்சம் மூடி வழியாக உள்ளே போயிருக்கிறது, அதை நான் அவரிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். டாங்குக்குள் டீசலும் ஒரு கைப்பிடி பழைய நட்டும் போட்டு மூடி, அவனும் அப்பாவும் மாற்றி மாற்றிக் குலுக்கினார்கள், அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி அப்பா அதை மார்போடு அணைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தார். சைலன்சரில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஏர் ஃபில்டர் இருக்கும் இடத்தில் எலி குட்டி போட்டுவிட்டுப் போயிருந்தது, மெத்தைக்கு நம் சபை மாத இதழைக் கிழித்து எடுத்திருக்கிறது, போன ஈஸ்டர் இதழ் காணவில்லை என்று ஜோதியைத் திட்டினேனே, அது அங்கேதான் இருந்தது. கிளட்ச் பிளேட் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிரேக்கும் அப்படியே. டயர் பக்கவாட்டில் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது, காற்று அடித்தால் நிற்கும் போலத் தெரியும், அதை நம்பி ரோட்டில் ஏறக்கூடாது என்று புதிதாகவே போட்டுவிட்டான். பாட்டரியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, தூக்கிப் போட்டோம். கார்புரேட்டரின் சின்னச் சின்ன ஓட்டைகளைச் சுத்தம் செய்ய பிரஷ் கேட்டான், நீ விட்டுப்போன பல் தேய்க்கும் பிரஷைக் கொடுத்தேன். வரும்போது உனக்கு வேறு வாங்கிக்கொள். இதையெல்லாம் உபதேசமாக எடுத்துக்கொள்ளாதே, நான் துருவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இனி எழுதப் போவதை நாம் யாரும் இதுவரை வாய் திறந்து பேசியதில்லை. நீ வண்டி வாங்கிய மறுநாளே சாரி கார்டைக் கழற்றினாய். பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் இருப்பதற்காகவே வைத்த கம்பிவலை அது, அது இருந்தால் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவன் வண்டி மாதிரி இருக்கிறது என்றாய். தெருவில் வண்டி வைத்திருந்த பையன்கள் எல்லாரும் கழற்றினார்கள், நீ மட்டும் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அந்த டிசம்பரில் தாம்பரத்தில் துணி எடுத்துக்கொண்டு வரும்போது ஜோதி எப்போதும் போல ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தாள், முந்தானை சக்கரத்தில் போனது, அவள் ஜி.எஸ்.டி. ரோட்டில் விழுந்தாள். காலில் கம்பி வைத்தார்கள், எழுந்து நடந்தாள், படித்து முடித்தாள், டீச்சர் வேலைக்குப் போகிறாள். நீதான் அன்றையிலிருந்து அவளை நேராகப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் காலடியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய், பிறகு மஸ்கட் என்றாய், லீவு வரும்போதெல்லாம் வேறு யாருக்கோ விட்டுக்கொடுத்தாய். நல்ல மனசுதான், ஆனால் எத்தனை பேருக்குத்தான் விட்டுக்கொடுப்பாய்.

போன சனிக்கிழமை துளசிங்கம் பின்சக்கரத்தைக் கழற்றினான், பேரிங்குக்குக் கிரீஸ் வைக்க. அச்சைச் சுற்றி ஏதோ இறுக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தது, ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்தான். ஒரு சாண் நீளத் துணி, எண்ணெயில் கறுத்துப் போயிருந்தது, நடுவில் மட்டும் நிறம் தெரிந்தது. அவனுக்கு விஷயம் தெரியாது, குப்பையில் போட கையை ஓங்கினான். உன் அப்பா திரும்பிச் சுவர்ப் பக்கம் பார்த்து நின்றுகொண்டார், உனக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஜோதி எழுந்து வந்து அதை வாங்கிப் பார்த்துவிட்டு, என் மயில் கழுத்துப் புடவை, பிளவுஸ் இன்னும் பீரோல சும்மாதான் இருக்கு என்றாள். பிறகு அம்மா, அந்த சாரி கார்டு எங்கே என்று கேட்டாள்.

சாரி கார்டு எங்கேயும் போகவில்லை. நீ கழற்றிப் போட்ட அன்றே அதை எடுத்துக் கொல்லையில் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஆடு வராமல் வேலியாக நட்டுவைத்தேன், இரும்பை வீணாக்கக்கூடாது. கன்று இப்போது என் உயரம், கிளை எல்லாம் கம்பிக்குள் நுழைந்து வெளியே வந்திருக்கிறது. நானே அரிவாள்மனையைக் கொண்டுபோய்க் கிளைகளை வெட்டி அதை வெளியே இழுத்தேன். துளசிங்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்து வண்டியில் மாட்டினான். வளைந்துதான் இருக்கிறது, கல்யாணமாகிப் பேரப்பிள்ளை எடுத்தவன் வண்டி மாதிரியே இருக்கிறது. புதுப் பெட்ரோல், அளவாக ஆயில், புது பிளக், எல்லாம் போட்டு மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. புகையில் எதிர்வீடு தெரியவில்லை.

யாருக்குக் கொடுக்கலாம் என்று அப்பா யோசிக்க ஆரம்பித்தபோதுதான் ஜோதி சொன்னாள், யாருக்கும் கொடுக்கவேண்டாம், கல்யாணத்தன்று வீட்டிலிருந்து சர்ச்சுக்கு அவள் இந்த வண்டியில்தான் போவாளாம், கார் வேண்டாமாம். நான் ஐயரைப் பற்றிச் சொன்னேன், மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிச் சொன்னேன், தலையில் போடுகிற நெட்டும் பட்டுச்சேலையும் என்ன ஆகும் என்று சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்த வண்டியில ஏறினேன், விழுந்தேன். இன்னும் எறங்கவே இல்லம்மா. அண்ணன் வந்து என்னை எறக்கி விடட்டும்." சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, வெங்காயம் உரிக்கப் போனேன்.

நீ வராவிட்டால் என்ன செய்வது என்று அப்பா கேட்டார். வராவிட்டால் அப்பா ஓட்டட்டும் என்றாள். சைக்கிளையும் எலக்ட்ரிக் டிரெயினையும் தவிர எதிலும் ஏறாத மனிதர், ஆகட்டும் என்றார். அன்றையிலிருந்து மழை விட்டால் துளசிங்கம் இவரைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். முதல் கியரிலேயே சுற்றிச் சுற்றி வருகிறார், திரும்புவதற்கு இடப்பக்கம் மட்டும் பழகியிருக்கிறார். சர்ச் வலப்பக்கம் இருக்கிறது.

வில்பிரட், உன் தங்கை உன்மேல் கோபமாக இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. நீ இல்லாத கிறிஸ்துமஸ்கள்தான் அவளுக்குக் காலைவிட அதிகமாக வலித்தன, எனக்கும்தான். உன் மேனேஜரிடம் போய் லீவு கேள், கேட்காமலே கிடைக்காது என்று எழுதாதே. எண்ணெய்ப் பலகாரம் குறைத்துக்கொள், தலைக்குக் குளித்துவிட்டு ஏசி அறையில் உட்காராதே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடாதே. டிரைவிங் லைசன்சு தேதி முடிந்திருந்தால் வந்த கையோடு புதுப்பிக்கவேண்டும், ஞாபகம் வைத்துக்கொள். வண்டியை வாரம் இரண்டு நாள் ஸ்டார்ட் செய்து வைக்கிறோம், அப்பா இனிமேல் அதைக் கழுவமாட்டார், துணியால் துடைக்க மட்டும்தான் அனுமதி. கறிவேப்பிலைச் செடிக்கு இப்போது வேலி இல்லை, ஆடு பாதியைத் தின்றுவிட்டது, போகட்டும். உன்னைக் காக்கிறவர் உறங்காமல் காப்பாராக, உன் போக்கும் வரத்தும், முக்கியமாக வரத்து, ஆசீர்வாதமாக இருப்பதாக.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா
ரத்தினபாய் தனசிங்

கவரை ஒட்டப் போகும்போது அப்பா மைதானத்திலிருந்து வந்தார். இரண்டாவது கியரைக் கண்டுபிடித்துவிட்டாராம். சீக்கிரம் வா.