படத்தில் கறுத்த ரூபாய்

சாந்தோம்
12-2-1934

ரகுபதி, துரை பங்களாவில் காணாமல் போன அந்தப் புரூஃப் ரூபாய் கிடைத்துவிட்டதடா, ரங்கூனில், உன் பெண்டாட்டி கழுத்தில்!

நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உன் சுகத்தைக் கேட்க இன்றைக்குக் கை வரவில்லை. நீயும் ஜானகியும் எடுத்துக்கொண்ட படம் சனிக்கிழமை வந்தது. மருமவ கயுத்துல ராஜா தலை பாருங்கடி என்று அம்மா தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தாள். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ராஜா தலை வெள்ளை வெளேரென்று இருக்கிறது, சுற்றிலும் மை கொட்டினாற்போலக் கறுப்பு. சாதா ரூபாய் அப்படி விழுமா? பழைய படத்தில் அம்மா கழுத்து ரூபாய் ஒரே சாம்பலாகத்தானே இருக்கிறது? பதினாறு வருஷம் பட்லராக துரை ஆசையாகச் சேர்த்த அந்தக் காசுப் பெட்டியைத் துடைத்துத் துடைத்து நானே கற்றுக்கொண்டது இது. புரூஃப் என்றால் கடைத்தெருவுக்குப் போகாமல் அழகுக்கென்றே அடித்த காசு, தலையைச் சுற்றிய தரை கண்ணாடி, தலை மட்டும் அரிசிமாவு தூவினாற்போல, அடடா, என்ன வேலைப்பாடு! அந்தக் கண்ணாடித் தரைதான் படத்தில் கறுக்கும். பக்கத்திலேயே முழுக்க மங்கலாக மணல் வீசி முடித்த காசு ஒன்றும் இருந்தது, அதை எடுத்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. நீ மின்னுவதைப் பார்த்து எடுத்தாய்.

கப்பலேறுமுன் சொல்லிக்கொள்ள வந்தாயே, என் பவிசைக் காட்ட நான்தானே பெட்டியைத் திறந்தேன். விளிம்பைப் பிடி, முகத்தைத் தொடாதே என்று கையில் கொடுத்துவிட்டுத் துரைக்குக் காபி கொண்டுபோனேன். மறுநாள் காசைக் காணோம், யார் வந்தது என்றார் துரை. ஜன்னலாண்ட தோட்டக்கார மண்ணாங்கட்டி நின்னுக்கினு இருந்தான் என்றேன். நீ வந்ததைச் சொல்லவில்லை, பெட்டியைத் திறந்தது தெரிந்தால் வேலை போகுமே என்று பயம். உன் மேல் சந்தேகம் துளியும் வரவில்லையடா, மகன் என்ற மயக்கம். அன்றைக்கே அவனை விரட்டினார்கள். இரண்டு வருஷமாக எந்த பங்களாவும் அவனை உள்ளே விடவில்லை, பட்டினப்பாக்கத்தில் மீன் கூடை சுமக்கிறான். மண்ணாங்கட்டி வர்றான், மடிய புட்ச்சிக்கோங்கடி என்று மீன்காரிகள் சிரிக்கிறார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், அண்ணாத்தே, நான் எடுக்கலேன்னு உனுக்குத் தெரியும், தொரையாண்ட ஒரு வார்த்த சொல்லேன் என்பான். நான் தலையாட்டிவிட்டு நடப்பேன்.

நேற்று துரையிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். என் வேலை போயிற்று, போகட்டும். ஆனால் காசைக் கண்ணால் பார்த்தால்தான் தோட்டக்காரனுக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதுவாராம். மார்ச் பத்தாம் தேதி சீமைக்குக் கப்பல் ஏறுகிறார்.

ஜானகிக்குத் தெரியாமல் கழற்றாதே. அவளை உட்காரவைத்து இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு வாங்கு. துணியால் தேய்க்காதே, கீறினால் அந்தக் கண்ணாடி திரும்ப வராது. பற்றவைத்த வளையத்தையும் நீ ராவாதே, பஞ்சில் சுற்றி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு. கூடவே நான்தான் எடுத்தேன் என்று உன் கைப்பட ஒரு கடிதம். மண்ணாங்கட்டிக்குப் படிக்கத் தெரியாது. மீன் ஏலம் விடும் இடத்தில் அத்தனை பேரையும் கூட்டி, என் பங்கையும் சேர்த்து நானே உரக்கப் படிக்கப்போகிறேன். அதை மனதில் வைத்து எழுது, உடனே எழுது.

ஜானகிக்கு என் ஆசீர்வாதம். உனக்கு, பதில் வந்த பிறகு.

உன் அப்பன்,
வடிவேலு