அவிழ்ந்த கூந்தலும் அப்பாவின் மாவுக்கட்டும்

அன்பு மகள் ரஞ்சிதாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. பாரூரில் நானும் அம்மாவும் இரண்டு மாடுகளும் சௌக்கியம், என் வலது கால் ஒன்றுதான் இன்னும் மாவுக்கட்டுக்குள் கிடக்கிறது. அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க நம் திரௌபதியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். போனில் சொன்னால் பாதியிலேயே நீ பேச ஆரம்பித்துவிடுவாய், மீதியை அம்மா பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

அம்மா போட்ட சபதம் உனக்குத் தெரியாது. பைக்கில் வந்து என் மொபட்டில் மோதினானே அந்த ஹரீஷ்குமார், அவனைக் கோர்ட்டில் நிறுத்தாமல் கூந்தல் முடிய மாட்டேன் என்று பாரதத் திருவிழா கொடியேறிய அன்றே கோயிலில் நின்று சொல்லிவிட்டாள். பாஞ்சாலிக்கு முழங்கால் வரை கூந்தல் இருந்திருக்கும், உன் அம்மாவுக்கு இருப்பது எலிவால், அதுவும் தினம் ஒரு தடவை ரசத்தில் விழுந்தது. நான் சிரித்தால், காலு ஒடஞ்சது உங்களுக்கு, வயிறு எரியறது எனக்கு, பேசாம படுங்க என்பாள். நீயும் அங்கிருந்துகொண்டு அவனை விடாதே, வக்கீலைப் பார் என்று ஏற்றிவிட்டாய். ஒரு வீட்டுக்கு ஒரு பாஞ்சாலி போதும் கண்ணு.

இப்படி இருக்கையில், பாரதம் படிக்க வந்த ஆஞ்சப்பன் போன வாரம் யுத்தம் முடிந்த கதையைச் சொன்னார். தூங்கிக்கொண்டிருந்த ஐந்து பிள்ளைகளையும் கொன்ற அசுவத்தாமனை அர்ஜுனன் கட்டி இழுத்து வருகிறான், பெற்றவளான பாஞ்சாலியோ கட்டை அவிழ்த்துவிடச் சொல்கிறாள், நான் அழுவது போதும், இவனைப் பெற்றவளும் அழ வேண்டாம் என்கிறாள். அம்மாவுக்கு வந்ததே கோபம். சபதம் நிறைவேறுகிற நேரத்தில் இந்தாளை யாரு இந்தக் கதையைச் சொல்லச் சொன்னது என்று வீட்டுக்கு வந்து அவரைத் திட்டித் தீர்த்தாள். பாஞ்சாலி பேச்சையே கேட்காத பாஞ்சாலியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றேன், தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் காலையில் டவுன் பஸ் ஏறிப் போனவள் மத்தியானம் எண்ணெய் வைத்துத் தலை பின்னி, சாமந்தியும் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். போனது அந்தப் பையன் வீட்டுக்கு, பின்னிவிட்டது அவன் அம்மா பாப்பம்மா. ஓசூரில் ஸ்கூட்டர் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்திருந்ததாம், போலீஸ் கேஸ் இருக்கிறது, முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம், இப்போது மாங்கூழ் கம்பெனியில் கூடை தூக்குகிறானாம். அந்தம்மா பாதி தெலுங்குல அழுதாங்க, ஆனா எனக்கு எல்லாம் புரிஞ்சுதுங்க, அவன மன்னிச்சுட்டேன், கேஸ வாபஸ் வாங்கிடலாம் என்றாள்.

அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதைச் சொல்லத்தான் இத்தனை நீளம் எழுதினேன். அன்று கால்வாய்க் கரையிலிருந்து ரோட்டில் ஏறும்போது, தண்ணீர் யார் வயலுக்குப் பாய்கிறது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வண்டியைத் திருப்பியவன் நான்தான். பையன் நேராக வந்தான், ஹாரனும் அடித்தான். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவனைத் திட்டியபோது வலியில் வாய் திறக்கவில்லை, வலி போன பிறகும் திறக்கவில்லை. ஒரு மாதம் அம்மாவைக் கேலி செய்துகொண்டே காலம் தள்ளினேன், நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. செய்யாத தப்புக்கு ஒருவனை அவள் மன்னித்துவிட்டு வந்து நிற்கும்போது இனிமேலும் எப்படி மூடி வைப்பது, சொல்லிவிட்டேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்ப மன்னிப்பு கேக்க வேண்டியது நாமதானே என்று மட்டும் சொல்லி ஆட்டோவைக் கூப்பிட்டாள். முதலில் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டுவிட்டு, போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்னை இறக்கி ஏற்ற வந்தவன் ஹரீஷ்குமார்தான், அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினேன். ஓசூர் கம்பெனி இன்னும் பதில் சொல்லவில்லை, இந்த மாதத்துக்குள் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அவனுக்கு நம் வீட்டில் பாயசம் கிடைத்தது, எனக்கு நேற்றிலிருந்து கஞ்சிதான்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும், வேலை வேலை என்று சாப்பாட்டை விடாதே. ஒன்றை மட்டும் மறக்காதே. விபத்து நடந்த அன்று அந்தப் பையனை போனில் கூப்பிட்டுத் திட்டினாயாமே, அவன் அம்மாவையும் சேர்த்து. பாப்பம்மா சொல்லவில்லை, என் மகள் ஏதாவது பேசினாளா என்று நான் கேட்டதற்கு அவன்தான் சொன்னான். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசு. அந்தத் திட்டு எனக்கு வர வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, நானே எடுக்கிறேன்.

உன் அப்பா,
பெருமாள்