தாள் தீர்ந்தால் உலகம் தீருமா

நவம்பர் 17, திங்கள்
காலையில் தூறல். இன்று முதல் நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். எனக்கே அசிங்கமாக இருந்தாலும் எழுதுவேன்.

முதல் உண்மை: சங்கீதா இன்று என் பக்கத்தில் உட்காரவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரை ஒரே பெஞ்ச். இன்று பையைத் தூக்கிக்கொண்டு நிவேதா பெஞ்சுக்குப் போய்விட்டாள். நிவேதா ஜூனில் சேலத்திலிருந்து வந்து சேர்ந்தவள்.

காரணம், உலகம் அழியப் போகிறது. வெள்ளிக்கிழமை. மாயன் என்ற பழங்கால மக்களின் காலண்டர் அன்றோடு முடிகிறதாம். நிவேதா வீடியோ பார்த்திருக்கிறாள்.

"ரெண்டாயிரத்துப் பன்னெண்டுன்னு சொன்னது கணக்குத் தப்புடி. இப்பத்தான் சரியா கண்டுபுடிச்சிருக்காங்க."

சுற்றிலும் பாதி வகுப்பு. சங்கீதா எப்போதும் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். இன்று மூடவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்
மதிய இடைவேளை முழுக்க நூலகம். சாப்பிடவில்லை. கலைக்களஞ்சியத்தில் இருந்தது: மாயன் காலண்டரில் ஒரு பெரிய சுற்று முடிந்தால் அடுத்த சுற்று தொடங்கும். பைக் மீட்டர் எல்லாம் ஒன்பதாகி மறுபடி சைபருக்கு வருவது மாதிரி. நம் வருடப் பெயர்களும் அப்படித்தான். அறுபதாவது அட்சய முடிந்தால் திரும்பப் பிரபவ. அதற்காக யாரும் அழுததில்லை.

அம்மாவிடம் 2012 பற்றிக் கேட்டேன்.

"ஆமா, டிவில ஒரே கூத்து. அழிஞ்சா அழியுதுன்னு மாட்டக் கறக்காம வுட முடியுமா? கறந்து பால் சொசைட்டியில ஊத்திட்டுத்தான் வந்தேன்."

நவம்பர் 19, புதன்
மேகமூட்டம். கணக்குத் தேர்வு, பரவாயில்லை.

நிவேதாவிடம் இருப்பவை: ஊதா நிறத் தண்ணீர் பாட்டில். கோணாத கையெழுத்து. சேலம் பேச்சு. இப்போது சங்கீதா.

அறிவியல் மிஸ்ஸிடம் நாளை வகுப்பில் பேச அனுமதி வாங்கினேன். மூட நம்பிக்கையை ஒழிக்க என்று சொன்னேன். அது பாதி உண்மை. நிவேதாவின் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும். அது மீதி.

என்ன காட்டிப் பேசுவது என்று யோசித்தபடி மணி பார்த்தபோது கடிகாரத்துக்குக் கீழே ஆணி. எங்கள் வீட்டில் பழைய காலண்டரைத் தூக்கிப் போடுவதில்லை. தாள் தீர்ந்தாலும் அட்டையில் சாமி படம் இருக்கிறதே. அதன் மேலேயே புதியதை மாட்டுவோம். ஒரே ஆணியில் ஐந்து வருடச் சாமிகள்.

கழற்றினேன். அம்மா: "எங்கடி எடுத்துட்டுப் போற? கீழ வெச்சுடாத. அத்தனையும் வூடு வந்து சேரணும்."

நவம்பர் 20, வியாழன்
கடைசி பீரியடில் பேசினேன். உரக்கடை முருகன், நகைக்கடை லட்சுமி, மண்டிக்கடைப் பெருமாள் என்று ஒவ்வொரு அட்டையாகத் தூக்கிக் காட்டினேன். "இதில் தாள் தீர்ந்தது. மறுநாள் என்ன ஆயிற்று? ஜனவரி ஒன்று. மாயன் காலண்டரும் இப்படித்தான்."

பின் பெஞ்சிலிருந்து, "அப்ப உங்க வூட்ல இத்தன தடவ அழிஞ்சிட்டீங்களாடி!" வகுப்பே சிரித்தது. மிஸ் கை தட்டினார்கள்.

அவர்களுக்கும் முன்னால் தட்டியது நிவேதா. "செமயா சொன்ன தேனு!"

தேனு. என் முழுப் பெயர் தேன்மொழி. சங்கீதா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாள்.

வெளியே வந்ததும் சங்கீதா பிடித்துக்கொண்டாள்.

"நீ சொன்னதெல்லாம் கரெக்ட்டு. எதுக்கு அவளையே மொறச்சிக்கிட்டு சொன்ன? அவளும் நம்பலடி. சும்மா வெளாட்டு. வெள்ளிக்கெழம ஆளுக்கொண்ணு செஞ்சு எடுத்தாந்து, கடைசிச் சாப்பாடுன்னு ஒண்ணா உக்காந்து சாப்புடலாம்னு."

"எனக்கு யாரும் சொல்லல."

"நீ எங்க இருந்த? சோறு திங்கக்கூட வராம லைப்ரரியிலயே கெடந்த."

அட்டைகள் கனத்தன. கீழே வைக்கவும் முடியாது.

நவம்பர் 21, வெள்ளி
நல்ல வெயில். உலகம் இருக்கிறது.

எழுந்ததும் ஒரு நொடி, அழிந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நான் சொன்னது பொய்யாகியிருக்கும். ஆனால் அவர்கள் இருவரும் சேர்ந்து சாப்பிட்டிருக்க முடியாது.

மதியம் நிவேதாதான் கூப்பிட்டாள். ரெக்கார்டு எழுத வேண்டும் என்றேன். எழுதவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேப்ப மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சங்கீதா பக்கத்தில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. பையை வைக்க என்று நினைத்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் சங்கீதாவும் இருந்தாள். அவள் நிறுத்தம் வந்ததும் என் மடியில் ஒரு டப்பாவை வைத்தாள்.

"உனக்குன்னு எடம் போட்டு வெச்சிருந்தோம். நீதான் வரல. திங்கக்கெழம டப்பாவக் கழுவி எடுத்துட்டு வா. என் பேக நம்ம பெஞ்சுல வெக்கறேன். நிவேதாவும் வருவா, தள்ளி உக்காரணும்."

உள்ளே இரண்டு உருண்டை. கடலை உருண்டை சங்கீதா செய்தது. எள்ளுருண்டை நிவேதா செய்தது. எள்ளுருண்டைதான் நன்றாக இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று வெகுநேரம் பார்த்தேன்.

அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.